அரம் பிடித்த கை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பேருந்தில் போகிறவர்கள் சேமித்து வைத்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

பொருள்: அரம். அதிலும் குறிப்பாக, மரம் அறுக்கிற செயின்சா மெஷினின் சங்கிலிக்குக் கையால் கூர் போடுகிற வட்ட அரம். "வரலாற்று வாத்தியாருக்கு இரும்புக் கடையில் என்ன வேலை?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. முப்பத்து மூன்று வருடம் பானிபட்டும் பிளாசியும் சொல்லிக்கொடுத்தாயிற்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இடம் கிடைக்காத ஆட்களைப் பற்றி எழுத, ஓய்வு பெற்ற பிறகுதான் நேரம் வாய்த்திருக்கிறது. மரம் வெட்டினவனுக்காவது கதையில் இடம் உண்டு. அவன் வாளுக்குக் கூர் போட்டுக் கொடுத்தவன் எந்தக் கதையிலும் இல்லை. அவனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அரம். இது எவ்வளவு பழைய கருவி என்பது நம் மொழியிலேயே தெரியும். வள்ளுவர் மூன்று இடத்தில் அரத்தைக் கொண்டுவருகிறார்: வெருவந்த செய்யாமையில் ஒன்று, உட்பகையில் ஒன்று, பண்புடைமையில் ஒன்று. முதல் இரண்டிலும் அரம் தேய்க்கிற பொருள். மூன்றாவதில் கூர்மைக்கு உவமை. கொல்லன் பட்டறையில் நின்று பார்த்த மனிதருக்குத்தான் இந்த இரண்டு குணமும் ஒரே கருவியில் தெரியும். அரம் ஒன்றைத் தேய்த்துத்தான் இன்னொன்றைக் கூராக்கும்.

எகிப்தின் தீப்ஸ் நகரில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியல் அறிஞர் கண்டெடுத்த அசீரிய இரும்புக் கருவிகளிலேயே அரம் இருக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற ஐரோப்பியத் துறவி கைவினைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அரத்துக்குக் கடினம் ஏற்றுகிற முறை சொல்லியிருக்கிறார். பல் வெட்டிய அரத்தின் மேல் பழைய பன்றிக் கொழுப்பைத் தடவு, ஆட்டுத்தோல் வாரைச் சுற்று, நூலால் கட்டு, மேலே களிமண் பூசு, நெருப்பில் வைத்துத் துருத்தி ஊது, தோல் கருகியதும் சட்டென்று எடுத்துத் தண்ணீரில் போடு. சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் அது வேலை செய்யும். கருகுகிற தோலிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கரி இரும்பின் மேற்பரப்புக்குள் இறங்கி அதை எஃகாக்கும். காரணத்தை வேதியியல் சொல்வதற்கு அறுநூறு வருடம் முன்னாலேயே கைக்கு அது தெரிந்திருந்தது.

பல் வெட்டுவது இன்னொரு பெரும்பாடு. ஒரு அரத்தில் ஆயிரக்கணக்கான பற்கள். ஒவ்வொரு வரியையும் உளியை வைத்துச் சுத்தியால் அடித்துத்தான் எழுப்பினார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு இந்த வேலைக்குப் பேர் போன ஊர். சுற்றுப்புறக் கிராமங்களில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அடித்தார்கள். ஒரு பக்கம் அடித்து முடித்துத் திருப்பிப் போட்டால் கீழே இருக்கிற பற்கள் நசுங்கிவிடும் அல்லவா? அதற்காக ஈயக் கட்டியின் மேல் வைத்து அடித்தார்கள். அந்த ஈயத் தூசு உடம்பில் ஏறி, கை விழுந்து, வயிறு கெட்டு, அற்ப ஆயுளில் போனவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே எழுதிவைத்தார்கள்.

இயந்திரத்தில் பல் வெட்டலாம் என்ற யோசனை லியனார்டோ டா வின்சிக்கே வந்துவிட்டது. அவர் வரைந்த படம் இருக்கிறது. ஆனால் காரியம் கைகூட முந்நூற்றைம்பது வருடம் ஆனது. அதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. இயந்திரம் பற்களை ஒரே சீரான இடைவெளியில் வெட்டியது. அப்படி வெட்டிய அரம் இரும்பின் மேல் போகும்போது அதிர்ந்து, வரி வரியாகத் தடம் போட்டது. கையால் வெட்டியதில் இயல்பாகவே கொஞ்சம் கோணல் இருந்ததால் வழவழவென்று ஓடியது. 1864இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வில்லியம் நிக்கல்சன் தொடங்கிய கம்பெனி, பல்லின் இடைவெளியை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வெட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மனிதக் கையின் கோணலை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் இயந்திரம் ஜெயித்தது. எனக்குப் பிடித்த வரலாற்றுச் செய்திகளில் இது ஒன்று.

இனி மரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வடமேற்குக் கரை. ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்கள். அங்கே டக்ளஸ் ஃபிர் என்ற மரம் 60, 70 மீட்டர் உயரம் போகும். அடிமரத்தைச் சுற்றி வளைக்கப் பல பேர் கைகோக்க வேண்டும். 1880கள் வரை அவற்றைக் கோடரியால்தான் சாய்த்தார்கள். பெரிய வாள் விழுந்த மரத்தைத் துண்டு போட மட்டும்தான். அப்புறம் சாய்ப்பதற்கும் வாள் வந்தது. இரண்டு முனையிலும் கைப்பிடி. இரண்டு ஆள். 2 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு மேல் கூட நீளம் இருக்கும். மரத்தின் அடி புடைத்துக்கொண்டு இருப்பதால், தண்டில் வெட்டுப் போட்டு அதில் ஒரு பலகையைச் செருகி, ஆள் உயரத்துக்கு மேலே அந்தப் பலகையில் நின்றுகொண்டே அறுப்பார்கள். பிசின் வாளைப் பிடிக்காமல் இருக்க ஒரு புட்டியில் மண்ணெண்ணெய் தொங்கும், அவ்வப்போது தெளிப்பார்கள்.

நம் ஊர்க் குழி அறுப்பு தெரிந்தவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும. குழி அறுப்பில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று, மரத்தின் ஓட்டத்தோடு நீளவாக்கில் பலகை எடுப்பார்கள். அங்கே ஒரே மாதிரிப் பல் போதும். மரத்தைக் குறுக்கே அறுப்பது வேறு சங்கதி. நார்கள் குறுக்கே கயிறு மாதிரி நிற்கும். அதற்காக அந்த அமெரிக்க வாளில் இரண்டு வகைப் பற்கள். ஒன்று கீறுகிற பல். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். இவை நாரை இரண்டு கோடாக அறுத்துவிடும். இடையிடையே வருகிற இன்னொரு பல், அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிற மரத்தை இழைப்புளி மாதிரிச் சுரண்டி வெளியே தள்ளும். அதற்கு ஆங்கிலத்தில் 'ரேக்கர்' என்று பெயர். வாருகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வரும்.

வாருகிற பல், கீறுகிற பல்லைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு? மரத்தைப் பொறுத்து அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பச்சை மரத்துக்குக் கூடுதல், காய்ந்த கட்டை மரத்துக்குக் குறைவு. தாழ்ச்சி போதாவிட்டால் வாள் மாவு மாதிரித் தூள் கொட்டும். அதிகமாகிவிட்டால் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு நகராது. இரண்டு ஆளும் நாள் முழுவதும் இழுத்துத் தோள் கழன்று போக வேண்டியதுதான். சரியாக இருந்தால் நூடுல்ஸ் மாதிரி நீள நீளமான சுருள் வரும்.

இதைச் சரியாக வைத்துக் கொடுக்கிற ஆள்தான் முகாமின் கூர்க்காரர். மரம் வெட்டும் முகாம் ஒவ்வொன்றிலும் அவருக்கென்று ஒரு குடிசை. நல்ல வெளிச்சம் வருகிற பெரிய சன்னல். சன்னலுக்கு நேரே மேசை. வாளை நிமிர்த்திப் பொருத்தி, முதலில் நெளிவைச் சுத்தியால் எடுப்பார். அப்புறம் எல்லாப் பல் நுனியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார். பிறகு வாருகோல்களைத் தாழ்த்துவார். பிறகு கீறுபற்களை ஒவ்வொன்றாக ராவுவார். கடைசியில் சின்னச் சுத்தியால் தட்டி இரு பக்கமும் சாய்ப்பார். ஒரு வாளுக்கே மணிக்கணக்கில் ஆகும். முகாமில் மற்றவர்களைவிட அவருக்குச் சம்பளம் அதிகம், மரியாதையும் அதிகம். சமையல்காரரையும் கூர்க்காரரையும் யாரும் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்! காட்டில் இறங்காமல் ஒரு மரத்தையும் தொடாமல், அத்தனை மரமும் அவர் கையால்தான் விழுந்தது.

இப்போது சங்கிலி. இதன் தொடக்கம் காட்டில் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பு அறுக்கப் பல் வைத்த சின்னச் சங்கிலி ஒன்றைக் கையாண்டார்கள். பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பெலும்பின் இணைப்பை அறுப்பது அதன் வேலைகளில் ஒன்று. மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம். மேலே எழுத மனம் வரவில்லை, தாண்டிப் போவோம்.

1920களில் ஜெர்மனியில் மரம் அறுக்கிற சங்கிலி மெஷின்கள் வந்தன. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஸ்டுட்கார்ட் அருகே மின்சாரத்தில் ஓடுகிற மெஷினைச் செய்தார். 1927இல் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியா மாநிலத்தில் டோல்மர் என்ற மலையில் பெட்ரோல் மெஷினை ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே அவர் கம்பெனிக்கும் ஆயிற்று. எல்லாம் நாற்பது கிலோவுக்கு மேல் எடை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். எஞ்சின் வருடத்துக்கு வருடம் மெலிந்து பலமானது. சங்கிலி மட்டும் மாறவில்லை. ஏன்? பழைய இரண்டாள் வாளின் பற்களையே துண்டு துண்டாக்கிச் சங்கிலியில் கோத்திருந்தார்கள். அதே கீறுபல், அதே வாருகோல், அதே சாய்வு. ஆனால் வாள் நிமிடத்துக்கு முப்பது நாற்பது இழுப்பு. சங்கிலியோ எஞ்சின் வேகத்தில் ஓடும். சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு வகைப் பல்லையும் தனித்தனியாக ராவ வேண்டும். காட்டு நடுவில், மழையில், கூர்க்காரரின் குடிசையும் சன்னலும் இல்லாமல்! மெஷின் ஓடுகிற நேரத்தை அரம் தின்றுவிட்டது.

ஜோ காக்ஸ் என்ற மனிதர் இங்கேதான் வருகிறார். காடுகளில் வேலை பார்த்தவர். எஞ்சினில் அவருக்குக் குறை இல்லை. கூர் போடுவதிலும் பராமரிப்பதிலும் போகிற நேரம்தான் அவரை உறுத்தியது. 1946இல் ஒரு குளிர்நாள், ஒரிகன் காட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் ஒரு மரக்கட்டையில் புழுக்கள் குடைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். ஒரு வகை மர வண்டின் புழு. மனித விரல் பருமன். நாம் என்றால் கோழிக்குப் போட்டிருப்போம். அவர் உட்கார்ந்து பார்த்தார். மரத்தின் ஓட்டத்தோடும் போகிறது, ஓட்டத்துக்குக் குறுக்கேயும் அதே சுலபத்தில் போகிறது. மனிதன் நாரைக் கீறி, பிறகு சுரண்டி, இரண்டு வேலையாகச் செய்வதை இந்தப் புழு எப்படி ஒரே வேலையாகச் செய்கிறது?

பூதக்கண்ணாடியில் பார்த்தால் விஷயம் தாடையில் இருந்தது. முன்னும் பின்னும் போகிற வாய் இல்லை. ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த இரண்டு தாடை, இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்குகிறது. காக்ஸ் போர்ட்லண்ட் நகரில் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து அந்தத் தாடையை எஃகில் செய்தார். 1947 நவம்பரில் முதல் சங்கிலி விற்பனைக்கு வந்தது. 'ஒரிகன்' என்ற பெயரில் இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குகிற சங்கிலிக்கு அதுதான் மூதாதை. இன்று உலகத்தில் ஓடுகிற செயின்சா சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் தாடையைப் பின்பற்றியவைதான்.

பொதுவாக இந்தக் கதையை 'இயற்கையைப் பார்த்து மனிதன் கற்றான்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. தாடையின் உள்வளைவு வட்டமாக இருந்ததால், ஒரு வட்ட அரத்தை அதன் வழியே ஒருமுறை தள்ளினால் பல்லின் மேல்விளிம்பும் பக்கவிளிம்பும் ஒன்றாகவே கூராகிவிடும். இரண்டு வகைப் பல், மூன்று வகை அரம், சுத்தி, அளவுகோல், சன்னல், குடிசை எல்லாம் போய், சட்டைப்பையில் அடங்குகிற ஒரு அரம் மிஞ்சியது. அறுக்கிறவனே கூர்க்காரன் ஆனான். காக்ஸ் உண்மையில் தீர்த்தது அரத்தின் பிரச்சினையை.

பழைய கீறுபல்லின் வேலை இப்படிப் புதிய பல்லுக்குள் கரைந்துவிட்டது. வாருகோல்? புதிய சங்கிலியில் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் மாட்டுத் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். அது எதையும் வெட்டாது, வாராது. பின்னால் வருகிற பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து விடுவது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் அமெரிக்க மரம்வெட்டிகள் இன்றும் அதை 'ரேக்கர்' என்றுதான் சொல்கிறார்கள்! வேலை போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. மணியக்காரர் பதவி ஒழிந்த பிறகும் அவர் வீடு மணியக்காரர் வீடாகவே இருப்பது மாதிரி. பல்லுக்கும் திமிலுக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான சங்கிலிகளில் 0.65 மில்லிமீட்டர். சன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய கூர்க்காரர் வைத்த அளவுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது பாருங்கள். மரத்தின் நார் மாறவில்லை, அளவும் மாறவில்லை.

இனி கொஞ்சம் செய்முறை. மெஷின் பிடிக்கிற மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். தெரிந்ததையே சொல்கிறேன் என்றாலும் காரணத்தோடு சொல்கிறேன்.

அரத்தின் பருமன் சங்கிலியைப் பொறுத்தது. சின்ன மெஷினுக்கு 4 மி.மீ., நடுத்தரத்துக்கு 4.8, பெரியதற்கு 5.2 அல்லது 5.5. பெட்டியில் போட்டிருக்கும். கையில் கிடைத்ததை வைத்து ராவினால் பல்லின் வளைவே மாறிவிடும். எஞ்சினை அணைத்து, கையுறை போட்டு, பாரை அசையாமல் பிடிக்க வைக்க வேண்டும். காட்டில் ஒரு கட்டையில் வெட்டுப் போட்டு அதில் பாரைச் செருகிக்கொள்வார்கள். மடியில் வைத்துக்கொண்டு ராவுவது வேலையில்லை. அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலும் 30 பாகை. நல்ல சங்கிலியில் பல்லின் மேலேயே சாய்கோடு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துப் போகலாம்.

பல்லின் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். தேய்த்துக்கொண்டே இழுத்தால் கெடுவது அரம். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது, அரத்தையே சோதிக்கிற கடினம் அதற்கு. உள்ளே இருக்கிற எஃகு அரத்துக்கு இடம் கொடுக்கும். வெளியே இருக்கிற குரோமியம் கூரைத் தாங்கிப் பிடிக்கும். அதனால்தான் உள்ளிருந்து வெளியே.

முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. வலப்பக்கப் பற்களை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து இடப்பக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் கை நன்றாக வரும், மறுபக்கம் வராது. வராத பக்கத்துப் பல் குட்டையாகிப் போகும். அப்புறம் பார் நேராக இறங்காமல் வில் மாதிரி வளைந்து ஒரு பக்கம் இழுக்கும். "மெஷின் கோணலா போகுது சார்" என்பார்கள். கோணல் மெஷினில் இருக்காது, முந்தின நாள் ராவினதில் இருக்கும்.

திமிலை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பல்லின் மேல்தட்டு பின்பக்கம் சரிவாக இருக்கிறது. ராவ ராவப் பல் பின்வாங்கும். பின்வாங்கினால் உயரமும் குறையும். திமில் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் பல்லும் திமிலும் ஒரே உயரம் ஆகிவிடும். அப்போது பல் சவரக்கத்தி மாதிரி இருந்தாலும் மரத்தைத் தொடாது. நாலைந்து தடவை ராவியதும் அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் திமிலைக் கொஞ்சம் இறக்கி, முன்முனையை உருட்டிவிட வேண்டும். அவசரப்பட்டு அதிகம் இறக்கினால் அதைவிட ஆபத்து: பல் அளவுக்கு மீறிக் கடித்து மெஷினை ஆள் மேலேயே உதறும்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது நம் யாருக்கும் மறக்காது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை என்று லட்சக்கணக்கில் தென்னை விழுந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு தரையில் படுத்திருக்கிறது. அதுவரை மெஷினைக் கையால் தொடாத பையன்களெல்லாம் மறுவாரமே கூலிக்கு மெஷின் பிடித்தார்கள். என்னிடம் படித்தவர் ஒருவரும் போனார். பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். மெஷினைக் கொடுத்தவர் பெட்ரோல் ஊற்றவும் கயிறு இழுக்கவும் காட்டினார். அரத்தைக் காட்டவில்லை.

தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. வெளிச்சுற்று இரும்பு மாதிரி நார், உள்ளே மெத்து. வெளிச்சுற்று எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுக்கும். விழுந்து கிடந்த மரத்தில் மணல் வேறு. ஓடுகிற சங்கிலி ஒரே ஒரு தடவை மணலைத் தொட்டால் போதும், காலையில் போட்ட கூர் போச்சு. காலை ஒன்பது மணிக்குச் சீவல் சீவலாகக் கொட்டியது பதினோரு மணிக்கு மாவாகக் கொட்டும். அந்த மாவுதான் அறிகுறி. அப்போதே நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். அவருக்கு அது தெரியாது. அறுபடவில்லை என்று அழுத்தினார். அழுத்த அழுத்த எஞ்சின் கத்தியது, பார் புகைந்தது. பின்னால் இன்னொரு மரம் கிடந்ததைக் கவனிக்கவில்லை. பாரின் மூக்கில் மேல்பாதி அதில் பட்டது. அந்த இடம் பட்டால் சங்கிலி மரத்தை வெட்டாது. மரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்த மெஷினையும் மேலே எறியும். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. முன்கைத் தடுப்பில் சங்கிலியை நிறுத்துகிற பிரேக் இருக்கும். 1970களிலிருந்து வருகிற ஏற்பாடு. அந்த மெஷினில் அது வேலை செய்யவில்லை. இடது தொடையில் எலும்பு வரை போயிற்று.

மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவர் சொன்னது: "சார், அன்னைக்கு மெஷின் அறுக்கல. நான்தான் அறுத்துக்கிட்டிருந்தேன்." கூரான சங்கிலி தன் எடையிலேயே இறங்கும், ஆள் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். மழுங்கின சங்கிலிதான் ஆளை முன்னால் சாய வைக்கும். இன்று அவரிடம் நான்கு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். முதல் ஒரு மாதம் மெஷினைத் தர மாட்டார். அரம்தான். கால் இன்னும் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார்.

இந்த வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 1950களில் ஒரே ஆள் தூக்குகிற மெஷின்கள் வந்தன. 1959இல் ஸ்டீல் வெளியிட்ட 'கோன்ட்ரா' 12 கிலோதான். அதற்குள்ளேயே அமெரிக்க முகாம்களில் இரண்டாள் வாள் சுவரில் ஏறிவிட்டது. கூர்க்காரரின் குடிசை காலியானது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கையிலும் கண்ணிலும் சேர்த்து வைத்த வித்தை ஐந்தாறு வருடத்தில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. அவருக்கு வேலை போனதோடு முடியவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நின்ற காடு அதற்கப்புறம்தான் வேகமாகக் காலியானது. புழுவிடம் கடன் வாங்கிய பல், புழு வாழ்ந்த மரத்தையே அடியோடு எடுத்தது. காக்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் புழுவோடு நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அது பாதிக் கதை.

மீதிப் பாதியில் ஒரு எதிர்பாராத திருப்பம் உண்டு. 1964இல் அமெரிக்காவில் வனாந்தரப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குள் வரும் காடுகளில் பொதுவாக மோட்டார் வைத்த கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் பாதையில் மரம் விழுந்தால் எடுக்க வேண்டுமே? வனத்துறைக்காரர்கள் சுவரில் தொங்கிய இரண்டாள் வாளை இறக்கினார்கள். இறக்கினால், கூர் போட ஆள் இல்லை! எஞ்சியிருந்த கிழவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அப்படிக் கற்ற வாரன் மில்லர் என்ற வனத்துறை ஊழியர், 1977இல் அந்த வித்தையை ஒரு கையேடாக எழுதினார். வாளை எப்படி நிமிர்த்துவது, வாருகோலை எத்தனை நூல் தாழ்த்துவது, எந்த மரத்துக்கு எவ்வளவு என்று எல்லாம் படத்தோடு இருக்கிறது. வனத்துறையே அச்சிட்டது. அந்தக் காடுகளில் இன்றும் பாதை திறக்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ராவுகிறார்கள். மரத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம், போகிற போக்கில் மரம் வெட்டுகிறவனின் அரத்தையும் காப்பாற்றிவிட்டது.

நம் பக்கம் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. குழி அறுப்பு வாளுக்கு முப்பட்டை அரத்தால் பல் வைத்தவர்கள், மரவாடிகளில் பட்டை ரம்பத்துக்குக் கூர் போட்டவர்கள் எத்தனையோ பேர் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ அந்த வேலை பார்த்திருந்தால், எந்த மரத்துக்கு எப்படிப் பல் வைப்பார், என்ன சொல் சொல்வார், எந்த அரம் வாங்குவார் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். பரணில் வாள் கிடந்தால் பல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். துருவைத் துடைத்துவிட வேண்டாம். கடைசியாக ராவின தடம் அதற்குக் கீழே இருக்கும்.